கைச்சாத்திடும் உரிமை: உலக நிறுவனங்களும் பாதுகாப்பு உடன்படிக்கைகளும்

உடன்படிக்கை என்னுஞ் சொல் கீழ்க்கரையில் வாழும் நமக்குப் புதிதன்று. அது கைச்சாத்திடப்பட்ட செய்தியைக் கேட்டு மகிழ்ந்த நாள்களும் உண்டு. அது முறிந்த செய்தியைக் கேட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு புறப்பட்ட நாள்களும் உண்டு. எனினும், அத்தகைய பத்திரமொன்று வெளிவரும் போதெல்லாம் அதில் என்ன எழுதப்பட்டுள்ளது என்று வினவுவோர் பலர். அதனைக் கைச்சாத்திட்டவர் யார், எந்தத் தகுதியிற் கைச்சாத்திட்டார், அவர் கொடுத்த சொல்லுக்கு நாளை யார் பொறுப்பு என்று வினவுவோர் மிகச் சிலர். முன்னைய வினாவினும் பின்னைய வினாக்களே நம் வாழ்வை மிகுதியும் தொடுவன என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சட்டக்கலை பயின்றோர் நம் பழைய மாணவருட் பலர் உளர். அவர்கள் இருக்கத் தமிழ் கற்பிக்கும் யாம் இப்பொருளை எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் ஒன்றே. சர்வதேச நிறுவனம், கண்காணிப்புக் குழு, புரிந்துணர்வு உடன்படிக்கை என்பன செய்தித்தாளிலும் வானொலியிலும் நாள்தோறும் வழங்குஞ் சொற்கள். பொருள் விளங்காமல் வழங்கப்படுஞ் சொல் ஏமாற்றத்துக்கு வாயிலாகும். சொல்லுக்குப் பொருள் கூறுதல் தமிழாசிரியர் தொழிலாதலின், அத்தொழிலையே ஈண்டும் செய்கின்றோம்.

சட்டத்தின் கண்ணில் ஆள்

நம் ஊர்ப் பலநோக்குக் கூட்டுறவுச் சங்கத்தை எடுத்துக்கொள்வோம். சங்கம் உண்பதில்லை, உறங்குவதில்லை, அதற்குக் கையுமில்லை, காலுமில்லை. ஆயினும் சங்கத்தின் பெயரிற் காணி வாங்கலாம். வங்கியிற் கடன் பெறலாம். சங்கம் பிறர்மீது வழக்குத் தொடுக்கலாம். பிறரும் சங்கத்தின்மீது வழக்குத் தொடுக்கலாம். தலைவர் மாறினாலும் கடன் மாறுவதில்லை. அங்கத்தவர் ஒருவர் இறந்தாலும் சங்கம் இறப்பதில்லை. இவ்வாறு, உரிமையும் கடமையும் தன்பேரிலேயே தாங்கவல்லதாகச் சட்டம் ஏற்றுக்கொண்ட ஒன்றைச் 'சட்ட ஆள்' என்பர். அத்தன்மையே சட்ட ஆளுமை எனப்படும்.

இக்கருத்து மேல்நாட்டார்க்கே உரியதென எண்ணவேண்டா. கோயிலிற் பிரதிட்டை செய்யப்பட்ட மூர்த்தியே சொத்துக்கு உரியவர் என்றும், வழக்காடும் தகுதி அம்மூர்த்திக்கு உண்டு என்றும் இந்திய நீதிமன்றங்கள் நெடுங்காலமாக ஏற்று வந்துள்ளன. 1925-ஆம் ஆண்டில் இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் இதனை உறுதிப்படுத்தியது. எனவே, மனித உடம்பு இல்லாத ஒன்று உரிமை தாங்குதல் நம் மரபுக்கு வியப்பான செய்தியன்று. நாடுகள் பல கூடி அமைக்கும் நிறுவனமொன்று, அந்நாடுகளின் வேறாகத் தானும் ஓர் ஆள் என நிற்க முடியுமா என்பதே ஈண்டு எழும் வினா.

தூதனும் நிறுவனமும்

இவ்வினாவின் நுட்பத்தைப் பாரதக் கதையொன்றால் விளக்கலாம். பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயில் இருக்கும் இக்கரையிற் கண்ணன் தூது அறியாதார் இலர். கண்ணன் தானே ஒரு பேராற்றல் உடையவன். எனினும் அத்தினாபுரத்து அவையில் அவன் பேசியது தருமனின் வாயாகவே. அங்கே உடன்பாடு ஒன்று ஏற்பட்டிருக்குமாயின் அதனாற் கட்டுண்டிருப்பவர் பாண்டவரேயன்றிக் கண்ணன் அல்லன். தூதன் என்பான் பிறர்க்காகச் சொல் கொடுப்பவன். அச்சொல்லின் சுமை அவனை அனுப்பியவர் தலைமேலதாகும்.

உலக நிறுவனமும் நாடுகள் அனுப்பிய தூதன் மட்டுந்தானா? அன்றித் தன் சொல்லைத் தானே கொடுத்துத் தானே சுமக்கும் தனியாளா? தூதன் எனின், அதன் உடன்படிக்கைகள் யாவும் உறுப்பு நாடுகளின் உடன்படிக்கைகளே. தனியாள் எனின், அது கைச்சாத்திட்டால் அதுவே கட்டுப்படும். அதற்குத் தீங்கு நேர்ந்தால் அதுவே இழப்பீடு கேட்கும். அது தீங்கு செய்தால் அதுவே விடை சொல்லும். இவ்வேறுபாடு வெறும் ஏட்டு வேறுபாடு அன்று என்பதை ஒரு கொலை உலகுக்கு உணர்த்தியது.

பேர்ணடொற்றின் கொலையும் நீதிமன்றின் விடையும்

1948-ஆம் ஆண்டு செத்தெம்பர் 17-ஆம் நாள், பலத்தீனப் பூசலைத் தீர்க்க ஐக்கிய நாடுகள் சபை அனுப்பியிருந்த மத்தியத்தர், சுவீடன் நாட்டவரான போக் பேர்ணடொற், யெரூசலேம் நகரிற் சுட்டுக் கொல்லப்பட்டார். அவருடன் சென்ற பிரெஞ்சு அதிகாரி ஒருவரும் கொலையுண்டார். கொன்றோர் ஆயுதக் குழுவொன்றைச் சேர்ந்தவர்கள். கொலை நடந்த பகுதி இசுரவேலின் கட்டுப்பாட்டில் இருந்தது. இசுரவேல் அப்போது ஐக்கிய நாடுகள் சபையில் உறுப்பு நாடாகவில்லை.

சபையின் பணியில் இருந்தவர் இறந்தார். இழப்பீடு கேட்க வேண்டியவர் யார்? அவர் பிறந்த சுவீடனா? அவரை அனுப்பிய சபையா? சபை எனின், தன்னில் உறுப்பாக இல்லாத ஒரு நாட்டைப் பார்த்து அது எவ்வாறு கேட்கும்? பொதுச்சபை இவ்வினாக்களை அவ்வாண்டு திசெம்பரில் ஏகு நகரிலுள்ள சர்வதேச நீதிமன்றத்தின் முன் வைத்தது. 1949-ஆம் ஆண்டு ஏப்பிரல் 11-ஆம் நாள் நீதிமன்றம் தன் கருத்தைக் கூறியது.

அக்கருத்தின் சாரம் மூன்று பகுதிகளாக அமையும். முதலாவது, ஐக்கிய நாடுகள் சபை ஒரு சர்வதேசச் சட்ட ஆள். சாசனத்தில் அவ்வாறு வெளிப்படையாக எழுதப்படவில்லை எனினும், சாசனம் அதன்மேல் ஏற்றிய பணிகளை ஆளுமை இன்றிச் செய்தல் இயலாதாகையால், அவ்வாளுமை கொள்ளக் கிடக்கின்றது என்றது நீதிமன்றம். இரண்டாவது, உலக நாடுகளின் மிகப் பெரும் பகுதியைக் குறிக்கும் ஐம்பது நாடுகள் கூடி அதனை அமைத்தமையால், அவ்வாளுமை உறுப்பு நாடுகளை மட்டுமன்றி ஏனையவற்றையும் நோக்கிச் செல்லும். மூன்றாவது, சபை ஓர் அரசு அன்று. அரசுக்கு மேலான பேரரசும் அன்று. அதற்கு உரிய உரிமைகள், அது நிறைவேற்றவேண்டிய பணிகளால் அளவிடப்படும்.

சபை தனக்கு நேர்ந்த இழப்புக்கு ஈடு கேட்கலாம் என்பதில் நீதிபதிகள் அனைவரும் ஒருமித்தனர். கொல்லப்பட்டவர் பொருட்டும் கேட்கலாம் என்பதிற் பதினொருவர் உடன்பட, நால்வர் மாறுபட்டனர். 1950-ஆம் ஆண்டில் இசுரவேல் இழப்பீடு செலுத்தியது. ஓர் அறிஞரின் குருதியாற் கிடைத்த இவ்விடையே இன்றுவரை உலக நிறுவனங்களின் சட்ட ஆளுமைக்கு அடித்தளமாக உள்ளது.

படையும் சம்மதமும்

பாதுகாப்புத் துறையில் இவ்வாளுமை எவ்வாறு செயற்படுகின்றது என்பதை இனி நோக்குவோம். ஐக்கிய நாடுகள் சாசனத்தின் 43-ஆம் உறுப்புரை, உறுப்பு நாடுகள் பாதுகாப்புச் சபையுடன் உடன்படிக்கை செய்து தத்தம் படைகளின் ஒரு பகுதியை அதன் ஏவலில் வைக்கவேண்டும் என்கின்றது. ஆனால் அத்தகைய உடன்படிக்கை ஒன்றேனும் இதுவரை செய்யப்படவில்லை. வல்லரசுகளிடையே உடன்பாடு ஏற்படாமையே காரணம். ஆகவே, தனக்கெனப் படையில்லாத சபை, வேண்டும்போதெல்லாம் நாடுகளிடம் படையை இரந்து பெறுகின்றது.

1956-ஆம் ஆண்டு சூயசு நெருக்கடியின்போது சபையின் முதலாவது அமைதிகாக்கும் படை எகிப்துக்கு அனுப்பப்பட்டது. அப்படை பற்றிச் செயலாளர் நாயகத்துக்கு ஆலோசனை கூற அமைந்த குழுவிற் பிரேசில், கனடா, கொலம்பியா, இந்தியா, நோர்வே, பாக்கித்தான் ஆகியவற்றுடன் இலங்கையும் இடம்பெற்றது என்பது நம் மாணவர் அறியவேண்டிய செய்தியாகும். சபையில் நாம் சேர்ந்து அப்போது ஓராண்டும் நிறைவுறவில்லை. 1957-ஆம் ஆண்டு பெப்புருவரி 8-ஆம் நாள், அப்படையின் நிலைபற்றிச் சபையும் எகிப்தும் ஓர் உடன்படிக்கை செய்தன. படைவீரர் குற்றஞ் செய்தால் யார் விசாரிப்பது, அவர்கள் எங்கெங்குச் செல்லலாம், என்ன கொடியை ஏற்றலாம் என்பனவெல்லாம் அதில் வகுக்கப்பட்டன. சபை அதிற் கைச்சாத்திட்டது படை தந்த நாடுகளின் தூதனாக அன்று, தன் பெயரிலேயே.

எனினும் அவ்வாளுமைக்கு எல்லை உண்டு. படை நின்றது எகிப்தின் மண்ணில், எகிப்தின் சம்மதத்தால். 1967-ஆம் ஆண்டு மே மாதம் எகிப்து அச்சம்மதத்தைத் திரும்பப் பெற்றபோது, படை வெளியேறியது. சின்னாட்களிற் போர் மூண்டது. இதே கதை நம் காலத்திலும் நிகழ்ந்தது. ஆபிரிக்காவின் மாலி நாட்டில் நின்ற அமைதிப்படை, அந்நாட்டு ஆட்சியாளர் 2023-ஆம் ஆண்டு வெளியேறுமாறு கேட்டதன்பேரில் அவ்வாண்டிலேயே விலகியது. அப்படையில் நம் நாட்டு வீரரும் பணியாற்றினர். 2019-ஆம் ஆண்டு சனவரியில் அவர்களுள் இருவர் கண்ணிவெடியில் உயிர் நீத்தனர். கைச்சாத்திடும் உரிமை ஒன்று; கைச்சாத்திட்டபின் நிலைத்து நிற்கும் வலிமை வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றென மயங்குதல் ஆகாது.

நம் நாட்டின் ஆளுமையே ஐயுறப்பட்ட காலம்

நிறுவனங்களுக்கு மட்டுமன்றி நாடுகளுக்கும் ஆளுமைபற்றிய ஐயம் எழுவதுண்டு. பிறர் எவரையும் தேடவேண்டா; நம் நாடே அதற்குச் சான்று. 1947-ஆம் ஆண்டு நவெம்பரிற் பிரித்தானியாவுடன் செய்துகொண்ட பாதுகாப்பு உடன்படிக்கையின்படி, திருகோணமலைக் கடற்படைத் தளமும் கட்டுநாயக்க விமானத் தளமும் பிரித்தானியர் வசமே இருந்தன. சுதந்திரம் பெற்றபின் இலங்கை ஐக்கிய நாடுகள் சபையிற் சேர விண்ணப்பித்தபோது, சோவியத்து ஒன்றியம் தன் தடைவாக்கைப் பயன்படுத்தியது. அந்நியப் படைக்குத் தளங் கொடுத்த நாடு மெய்யான சுதந்திர நாடுதானா என்பதே எழுப்பப்பட்ட ஐயம். 1955-ஆம் ஆண்டு திசெம்பர் 14-ஆம் நாள், பதினாறு நாடுகள் ஒருங்கே சேர்க்கப்பட்டபோதுதான் நமக்கும் இடங் கிடைத்தது. தளங்கள் 1957-ஆம் ஆண்டிற் பிரதம மந்திரி எசு. டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க அவர்கள் காலத்தில் மீளக் கிடைத்தன.

பாதுகாப்புக்காகச் செய்யும் உடன்படிக்கையே, செய்தவரின் தனித்தன்மையைப் பிறர் ஐயுறுதற்கு ஏதுவாகலாம் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

அம்பாறை மாவட்டத்தில் வந்திருந்த கண்காணிப்பாளர்

இனி, நாம் எல்லோரும் கண்ணாற் கண்ட நிகழ்ச்சிக்கு வருவோம். 2002-ஆம் ஆண்டு பெப்புருவரி மாதம் இலங்கை அரசாங்கமும் தமிழீழ விடுதலைப் புலிகளும் போர்நிறுத்த உடன்படிக்கை செய்துகொண்டன. அரசாங்கத்தின் சார்பிற் பிரதம மந்திரி ரணில் விக்கிரமசிங்க அவர்களும், புலிகளின் சார்பில் வே. பிரபாகரன் அவர்களும் கைச்சாத்திட்டனர். சனாதிபதியின் கைச்சாத்து அதில் இருக்கவில்லை. பெப்புருவரி 23-ஆம் நாள் அது நடைமுறைக்கு வந்தது.

அவ்வுடன்படிக்கையின்படி அமைந்ததே இலங்கைக் கண்காணிப்புக் குழு. நோர்வே, சுவீடன், பின்லாந்து, டென்மார்க், ஐசுலாந்து ஆகிய ஐந்து நாடுகளிலிருந்து ஆயுதம் ஏந்தாத கண்காணிப்பாளர் வந்தனர். குழுவின் தலைவரை நோர்வே அரசாங்கம் நியமித்தது. உடன்படிக்கையின் வாசகத்துக்குப் பொருள் கூறும் இறுதி அதிகாரம் அத்தலைவர்க்கே இருந்தது. யாழ்ப்பாணம், மன்னார், வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, அம்பாறை ஆகிய ஆறிடங்களில் உள்ளூர்க் கண்காணிப்புக் குழுக்கள் நிறுவப்பட்டன. ஒவ்வொன்றிலும் ஐவர்: அரசாங்கம் நியமிப்போர் இருவர், புலிகள் நியமிப்போர் இருவர், தலைமை தாங்கும் வெளிநாட்டார் ஒருவர். ஓய்வுபெற்ற நீதிபதிகள், அரசாங்க உத்தியோகத்தர், சமயத் தலைவர் போன்றோரை நியமிக்கலாம் என்றும் வகுக்கப்பட்டது. பிள்ளையைக் காணோம் என்று வந்த தாயும், வயலுக்குச் செல்ல முடியவில்லை என்று வந்த கமக்காரரும் தங்கள் குறையை எழுதிக் கொடுக்க ஓர் இடம் இருந்தது. அவ்விடத்தின் சட்டநிலை யாது என்பதே நம் வினா.

கண்காணிப்புக் குழு ஐக்கிய நாடுகள் சபை போன்ற நிறுவனம் அன்று. நாடுகள் பல கூடிச் சாசனம் எழுதி அதனை அமைக்கவில்லை. அரசு ஒன்றும், அரசல்லாத இயக்கம் ஒன்றும் எழுதிய பத்திரத்திலிருந்து அது பிறந்தது. ஆதலின் அதன் உத்தியோகத்தர்க்குரிய பாதுகாப்பும் விலக்குரிமையும் இலங்கையும் நோர்வேயும் தம்முள் வேறாகச் செய்துகொண்ட உடன்படிக்கையாற் கிடைத்தன. பழைய உவமையிற் சொல்வதாயின், அது தனியாள் என்பதினும் தூதனுக்கே நெருக்கமானது. அதன் பின்னே நின்ற ஆள் நோர்வே.

இயக்கமொன்றுடன் அரசு கைச்சாத்திட்டமையால் அவ்வியக்கம் அரசாகிவிட்டதா என்று அந்நாளிற் பலர் வாதிட்டனர். சட்டம் இதற்குத் தெளிவான விடை வைத்துள்ளது. 1949-ஆம் ஆண்டின் செனீவா உடன்படிக்கைகள் நான்கிற்கும் பொதுவான 3-ஆம் உறுப்புரை, உள்நாட்டுப் போரில் ஈடுபட்டோர் தம்முள் விசேட உடன்படிக்கைகள் செய்துகொள்ள முயலவேண்டும் என்கின்றது. அவ்வுறுப்புரையைக் கைக்கொள்வதால் அவர்களின் சட்டநிலை மாறாது என்றும் கூறுகின்றது. மக்களைக் காக்கும்பொருட்டுச் சொல் கொடுத்தல் வேறு. மகுடஞ் சூட்டுதல் வேறு.

குழுவின் ஆளுமை எத்துணை மெலிந்தது என்பது 2006-ஆம் ஆண்டில் வெளிப்பட்டது. அவ்வாண்டு மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் விடுதலைப் புலிகளைப் பயங்கரவாத இயக்கங்களின் பட்டியலிற் சேர்த்தது. அதனால், ஒன்றியத்தின் உறுப்பு நாட்டவர் நடுவுநிலைமையுடையோராக இருத்தல் இயலாது என்று புலிகள் ஆட்சேபித்தனர். சுவீடன், பின்லாந்து, டென்மார்க் நாட்டவர் வெளியேறினர். நோர்வேயும் ஐசுலாந்தும் மட்டுமே எஞ்சின. பிரசெல்சு நகரில் ஒரு நிறுவனம் எடுத்த முடிவு, நம் மாவட்டத்துக் கண்காணிப்பாளரின் தொகையைக் குறைத்தது! குழு தன் கால்களில் நிற்கும் தனியாளாக இருந்திருப்பின், அதன் உத்தியோகத்தரின் நாட்டுரிமை இவ்வாறு தடையாக நின்றிராது. உலக நிறுவனமொன்றின் பணியாளர் தம் நாட்டின் ஏவலை ஏலாது நிறுவனத்தின் ஏவலை மட்டுமே ஏற்கவேண்டும் என்று விதித்திருப்பதன் பயன் இதுவேயாகும்.

பதினான்கு நாள் முன்னறிவித்தல் கொடுத்து எவரும் விலகலாம் என்பது உடன்படிக்கையின் வாசகம். 2008-ஆம் ஆண்டு சனவரி 2-ஆம் நாள் அரசாங்கம் விலகுவதாக முடிவுசெய்தது. 16-ஆம் நாளுடன் உடன்படிக்கை முடிவுற்றது. அதிற் பிறந்த குழுவும் அத்துடன் முடிந்தது. தாய்ப்பத்திரம் மடிந்தால் அதன் பிள்ளையும் மடிதல் இயல்பே.

கைச்சாத்திடாதோர் நிலை

இக்கரையில் வாழ்வோர் மறக்கலாகாத இன்னொரு செய்தி உண்டு. கல்முனை தொடங்கிப் பொத்துவில் வரை தமிழரும் முசிலிம்களும் வேலிக்கு வேலி அயலவராக வாழ்கின்றனர். போர்நிறுத்த உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டோர் இருவர். ஆனால் அதன் நன்மை தீமைகளைத் தாங்கியோர் மூவர். முசிலிம் மக்களும் குடிமக்கள் என்ற வகையில் உடன்படிக்கையின் காப்பைப் பெற்றனர். முறைப்பாடு செய்யும் வழியும் அவர்களுக்கு இருந்தது. ஆனால், உள்ளூர்க் குழுவுக்கு ஆளை நியமிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. உடன்படிக்கையைத் திருத்துவதில் அவர்களின் சம்மதம் வேண்டப்படவுமில்லை. நன்மை பெறுவோர் வேறு, கட்சிக்காரர் வேறு என்னும் சட்ட வேறுபாடு, இங்கே வயலிலும் சந்தையிலும் உணரப்பட்டது.

இக்குறையை ஒருவாறு போக்கக் கருதி, 2002-ஆம் ஆண்டு ஏப்பிரல் 13-ஆம் நாள், சிறீலங்கா முசிலிம் காங்கிரசின் தலைவர் ரவூப் ஹக்கீம் அவர்களும் பிரபாகரன் அவர்களும் கிளிநொச்சியில் தனியே ஓர் உடன்பாடு செய்தனர். எனினும் சமாதானப் பேச்சில் முசிலிம்களுக்குத் தனித் தரப்பு வேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை.

2004-ஆம் ஆண்டு திசெம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியபோது அலை இனம் பார்க்கவில்லை. நாட்டில் மிகுந்த உயிரிழப்புக்கு உள்ளான மாவட்டம் அம்பாறை. நிவாரணப் பணத்தைப் பகிர்வதற்காக அரசாங்கமும் புலிகளும் 2005-ஆம் ஆண்டு யூன் 24-ஆம் நாள் பொதுக் கட்டமைப்பு உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டன. அதன் வட்டாரக் குழுவிற் பதின்மர்: புலிகள் ஐவர், முசிலிம்கள் மூவர், அரசாங்கம் இருவர். இருக்கை இருந்தது, கைச்சாத்து இல்லை. தம்மைக் கேளாது தமக்கு இருக்கை ஒதுக்கப்பட்டதென முசிலிம் தலைவர்கள் முறையிட்டனர். யூலை 15-ஆம் நாள் உயர் நீதிமன்றம் அதன் முதன்மையான சில பகுதிகளை இடைக்காலத் தடையால் நிறுத்தியது. கட்டமைப்பு செயற்படவேயில்லை.

எவர் வாழ்வைப் பற்றி எழுதப்படுகின்றதோ அவர் கை அப்பத்திரத்திற் படவேண்டும் என்னும் எளிய அறம், பெரிய சட்ட நூல்கள் யாவற்றினும் பழையது. அதனைக் கைவிட்டதன் விலையை இக்கரை அறியும்.

ஆளுமையின் மறுபக்கம்: பொறுப்பு

உரிமை தாங்கும் ஆள் கடமையும் தாங்கவேண்டும். 1960-களிற் கொங்கோவில் நின்ற ஐக்கிய நாடுகள் படை பெல்சிய நாட்டவர்க்கு இழைத்த சேதங்களுக்காக, 1965-ஆம் ஆண்டிற் சபை பெல்சியத்துடன் உடன்படிக்கை செய்து 15 இலட்சம் தொலர் கொடுக்க இசைந்தது. பேர்ணடொற் விடயத்தில் இழப்பீடு கேட்ட ஆள், இங்கே இழப்பீடு கொடுத்த ஆளாயிற்று. அது முறையே.

ஆனால், எல்லா இடத்தும் அவ்வாறு நிகழவில்லை. 2010-ஆம் ஆண்டில் ஹெயிட்டி நாட்டில் அமைதிப்படையினரின் முகாமிலிருந்து வாந்திபேதி நோய் ஆற்றிற் கலந்து பரவியது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் இறந்தனர். இறந்தோர் குடும்பத்தார் அமெரிக்க நீதிமன்றத்தை நாடினர். 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை சபைக்கு வழங்கிய விலக்குரிமையைக் காட்டி, 2016-ஆம் ஆண்டு ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் வழக்கைத் தள்ளியது. அவ்வாண்டு திசெம்பரிற் செயலாளர் நாயகம் பான் கி மூன் அவர்கள் மன்னிப்புக் கேட்டார். அதே 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கை, தனியாரின் வழக்குகளைத் தீர்க்கத் தக்க வழியொன்றைச் சபையே அமைக்கவேண்டும் என்றும் கூறுகின்றது. விலக்குரிமையைக் கூறும் பகுதி உயிருடன் இருக்க, தீர்வு கூறும் பகுதி உறங்கியமையே ஹெயிட்டி மக்களின் துயரம்.

அங்கேயே நம் நாட்டுக்கும் இழுக்கு நேர்ந்தது. 2004-ஆம் ஆண்டு முதல் அங்கு நின்ற இலங்கைப் படையினரில் நூற்றுக்கும் மேற்பட்டோர், பாலியல் முறைகேட்டுக் குற்றச்சாட்டின்பேரில் 2007-ஆம் ஆண்டு நவெம்பரில் திருப்பியனுப்பப்பட்டனர். அமைதிப்படை வீரர் செய்யும் குற்றத்தை விசாரிக்கும் அதிகாரம் அவர்களை அனுப்பிய நாட்டுக்கே உரியது என்பது படைநிலை உடன்படிக்கைகளின் வழமையான விதி. சபை திருப்பியனுப்பலாம், தண்டிக்க இயலாது. படையை வைத்திருந்த நாடு பார்த்திருக்கலாம், விசாரிக்க இயலாது. ஆகவே, பொறுப்பு இருவர் கையிற் பகிரப்பட்டால் ஒருவர் கையிலும் தங்காமற் போகும் ஏதம் உண்டு. கைச்சாத்திடும் உரிமையைப் பெரிதாகப் பேசுவோர் இவ்வேதத்தையும் நினைத்தல் வேண்டும்.

எழுதப்பட்ட விதிகளும் இன்றைய நிலையும்

அரசுகள் தம்முட் செய்யும் உடன்படிக்கைகளுக்கு 1969-ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கை விதி வகுத்தது. அது 1980-இல் நடைமுறைக்கு வந்தது. அரசுகளும் சர்வதேச நிறுவனங்களும், அன்றி நிறுவனங்கள் தம்முளும், செய்யும் உடன்படிக்கைகளுக்கென 1986-ஆம் ஆண்டில் இன்னொரு வியன்னா உடன்படிக்கை எழுதப்பட்டது. முப்பத்தைந்து அரசுகள் ஏற்றாலன்றி நடைமுறைக்கு வாராது என்பது அதன் விதி. அத்தொகை இன்னும் நிறையவில்லை. ஆயினும் அதிற் கூறப்பட்டவற்றுட் பலவற்றை நாடுகள் வழக்கத்திற் பின்பற்றியே வருகின்றன. ஒரு நிறுவனத்தின் கைச்சாத்திடும் வல்லமை அந்நிறுவனத்தின் சொந்த விதிகளால் அளவிடப்படும் என்பது அவற்றுள் தலையாயது.

நிறுவனத்தின் சாசனம் ஆளுமையை வெளிப்படையாகக் கூறினால் ஐயத்துக்கு இடமில்லை. தென்கிழக்காசிய நாடுகளின் சங்கம் 1967-இல் தோன்றியது. 2008-இல் நடைமுறைக்கு வந்த சாசனத்திற்றான் அதன் சட்ட ஆளுமை எழுதப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்துக்கும் 2009-ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த லிசுபன் உடன்படிக்கையே அதனை எழுத்தில் வழங்கியது. வங்காள விரிகுடாவைச் சூழ்ந்த ஏழு நாடுகளின் பிம்ஸ்டெக் அமைப்பு 1997-இல் தோன்றியது. 2022-ஆம் ஆண்டு மார்ச்சு 30-ஆம் நாள் இலங்கையின் தலைமையில் அதன் சாசனம் கைச்சாத்திடப்பட்டு, 2024-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தபோதே அது சட்ட ஆளாயிற்று. பிள்ளை பிறந்து நெடுங்காலத்தின் பின் பிறப்புச் சாட்சிப் பத்திரம் எழுதுதல் போன்றது இது.

நம் வாயிலிலேயே ஒரு புதிய அமைப்பும் உருவாகியுள்ளது. இலங்கை, இந்தியா, மாலைதீவு ஆகிய மூன்றின் கடற்பாதுகாப்புப் பேச்சாக 2011-இல் தொடங்கி, 2020-ஆம் ஆண்டு நவெம்பரிற் புத்துயிர் பெற்றது கொழும்புப் பாதுகாப்பு மாநாடு. 2024-ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30-ஆம் நாள், இலங்கை, இந்தியா, மாலைதீவு, மொரிசியசு ஆகிய நாடுகள் அதன் சாசனத்திலும், கொழும்பிற் செயலகம் நிறுவும் உடன்படிக்கையிலும் கைச்சாத்திட்டன. கடற்பாதுகாப்பு, பயங்கரவாதத் தடுப்பு, கடத்தற் குற்றத் தடுப்பு, கணினிவழிப் பாதுகாப்பு, பேரிடர் உதவி என்பன அதன் ஐந்து துறைகள். பேரலையின் வடுவைத் தாங்கும் நம் கரைக்கும், நம் மீனவர் செல்லும் கடலுக்கும் இவ்வைந்தும் அயலானவை அல்ல.

வாசிப்போர் கேட்கவேண்டிய மூன்று வினாக்கள்

இவையெல்லாம் கற்றதன் பயன் யாது? இனி ஒரு பாதுகாப்பு உடன்படிக்கையோ புதிய நிறுவனமோ தோன்றியதாகச் செய்தி வருமாயின், மூன்று வினாக்களை எழுப்பி அதனை வாசித்தல் வேண்டும் என்பது எம் விண்ணப்பம்.

முதலாவது, கைச்சாத்திட்டவர் தம் பெயரிற் சொல் கொடுத்தாரா, பிறர் பெயரிலா? தூதனாயின், அனுப்பியவர் யார், அவர் எப்போது மனம் மாறலாம் என்று தேடுக. இரண்டாவது, தீங்கு நேர்ந்தால் விடை சொல்வோர் யார். முறையிட வாயில் உண்டா? விலக்குரிமை எழுதிய பக்கத்தை வாசித்தபின், தீர்வு எழுதிய பக்கத்தையும் தேடுக. அது இல்லையாயின் இல்லையென்று கேட்க நாணற்க. மூன்றாவது, இப்பத்திரத்தால் வாழ்வு மாறப்போகின்றவர் எவரேனும் கைச்சாத்திடாமல் விடப்பட்டுள்ளனரா?

இவற்றோடு நம் நாட்டுச் சட்டத்தின் இயல்பொன்றையும் சேர்த்து எண்ணவேண்டும். வெளிநாட்டில் அரசு கைச்சாத்திட்ட உடன்படிக்கை, பாராளுமன்றம் சட்டமாக்கினாலன்றிப் பொதுவாக நம் நீதிமன்றங்களிற் குடிமகனுக்கு உரிமை தராது. 2006-ஆம் ஆண்டில் உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பொன்று இதனை ஐயமற உரைத்தது. எனவே, ஏகு நகரிலும் நியூயோர்க்கிலும் எழுதப்படுஞ் சொல், கல்முனை நீதிமன்றத்திற் பயன்படவேண்டுமாயின், அதனை இங்கே சட்டமாக்கவல்லோர் நாம் தெரிந்தனுப்பும் பாராளுமன்ற உறுப்பினரே. வாக்குக் கேட்டு வருவோரிடம் இதனையும் வினவுதல் தகும்.

நம் கல்லூரியிற் பயின்றோர் இன்று நியாயவாதிகளாகவும், அரசாங்க உத்தியோகத்தராகவும், கடல்கடந்த நாடுகளில் உலக நிறுவனங்களின் பணியாளராகவும் விளங்குகின்றனர். நாளை ஒருநாள் இத்தகைய பத்திரமொன்றின் வரைவு அவர்களுள் ஒருவரின் மேசைக்கு வருதலுங் கூடும். அன்று அவர், அதில் எவர் கை பட்டிருக்கின்றது என்று பார்ப்பதோடு அமையாது, எவர் கை படாமல் விடப்பட்டது என்றும் நோக்குவாராயின், இக்கரையிற் கற்ற கல்வி பயன் தந்ததாகும். சொல் கொடுத்தல் எளிது. கொடுத்த சொல்லுக்கு ஓர் ஆள் நிற்கவேண்டும். அவ்வாள் நிற்கும் இடத்தை அறிந்து கேட்கும் மக்களே உடன்படிக்கைகளின் மெய்யான காவலர்.